பிரைமரை எவ்வளவு அழுத்துவது?

ஆயிரம் கஜத்துக்கு அப்பால், அதாவது 914 மீட்டர் தூரத்தில், நிறுத்தப்படும் அட்டையில் பத்து மதிப்பெண் வட்டத்தின் விட்டம் 10 அங்குலம். அதற்கும் நடுவே, சமமாக வந்தவர்களில் யார் முந்தியவர் என்று பார்க்க உதவும் எக்ஸ் வட்டம் 5 அங்குலம். அமெரிக்காவின் எஃப் கிளாஸ் துப்பாக்கிப் போட்டியில் இதுதான் அளவு. பார்வை மங்கி, வெறும் இரும்புக் குறியோடு சுட முடியாமல் போன மூத்தவர்கள் தொலைநோக்கியும் தாங்கியும் வைத்துக்கொண்டு தொடர்ந்து சுடட்டும் என்று கனடாவின் ஜார்ஜ் ஃபார்குஹார்சன் தொடங்கிவைத்த பிரிவு அது. எஃப் என்பது அவர் குடும்பப் பெயரின் முதலெழுத்து.

140 கிரெய்ன் எடையுள்ள 6.5 மி.மீ. குண்டு ஒன்று விநாடிக்குச் சுமார் 820 மீட்டர் வேகத்தில் குழலை விட்டுக் கிளம்புவதாக வைத்துக்கொள்வோம். அடுத்த குண்டின் வேகம் 10 மீட்டர் குறைந்தால், ஆயிரம் கஜத்தில் அது ஏறத்தாழ 8 அங்குலம் கீழே போய் விழும். நடுப்புள்ளியைச் சரியாகப் பிடித்தவருக்குப் பத்து வட்டமே கைநழுவிவிடும். காற்றைப் படிப்பதில் தவறினால் அது சுடுபவரின் பிழை. இது தோட்டாவின் பிழை. அதனால்தான் இந்த விளையாட்டில் உள்ளவர்கள் கடைத் தோட்டாவை நம்பாமல், சுட்டு முடித்த பித்தளைக் கூடுகளைப் பொறுக்கி எடுத்துவந்து, தாங்களே மருந்தும் குண்டும் வைத்து மறுபடி நிரப்பிக்கொள்கிறார்கள். மருந்தை ஒரு மணித்துகள் கூடாமல் குறையாமல் நிறுப்பார்கள். கூட்டின் கழுத்துத் தடிமனைக் கடைந்து சமப்படுத்துவார்கள். இவ்வளவும் செய்தபின், கூட்டின் அடியில் பிரைமரை வைத்து ஒரு நெம்புகோலை அழுத்தும் அந்த ஒரு நொடி மட்டும் பெரும்பாலும் கைப்பழக்கத்துக்கே விடப்படுகிறது. அந்த அழுத்தம் ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி இருக்க வேண்டுமா, எது ‘ஒரே மாதிரி’, அதனால் அட்டையில் என்ன தெரியும் என்பவை முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பேசப்படும் கேள்விகள். பேச்சு நிறைய, நிரூபணம் கொஞ்சம்.

என்.சி.சி. முகாமில் .22 சுட்டவர்கள் இந்தப் பிரைமரைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார்கள். .22 தோட்டாவில் பற்றவைக்கும் மருந்து அடிவிளிம்புக்குள்ளேயே தொழிற்சாலையில் பூசப்பட்டிருக்கும். அதில் கைவைக்க வழியில்லை. சென்னையில் பிறந்த ககன் நாரங்குக்கு 2012 லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கித் தந்ததும், கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் சுடுவதும் ஏர் ரைஃபிள்; அங்கே மருந்தே கிடையாது. பெரிய ரைஃபிள் தோட்டாவின் அடிப்பாகத்தைத் திருப்பிப் பார்த்தால் நடுவில் வட்டமாக ஒரு சின்னத் தகடு பதிந்திருக்கும். அதுதான் பிரைமர். உள்ளே இருப்பது தீபாவளிப் பொட்டு வெடியின் குணம்: தட்டினால் வெடிக்கும். அந்தப் பொறி கூட்டின் அடியிலுள்ள துளை வழியே உள்ளே பாய்ந்து மருந்தைப் பற்றவைக்கிறது.

இதன் முதல் வடிவத்தை யோசித்தவர் ஒரு பாதிரியார். ஸ்காட்லாந்தில் அபர்தீன் அருகே பெல்ஹெல்வியில் இருந்த அலெக்சாண்டர் ஃபோர்சித் பறவை வேட்டைப் பிரியர். சிக்கிமுக்கித் துப்பாக்கியில் கிண்ண மருந்து பளிச்சென்று எரிந்த மறுகணம் வாத்துகள் பறந்துவிடுகின்றன என்ற எரிச்சலில், தட்டினால் வெடிக்கும் ஃபல்மினேட்டைப் பயன்படுத்தும் முறைக்கு 1807இல் காப்புரிமை பெற்றார். அடுத்து வந்தது செம்புத் தொப்பி. பிறகு தொப்பி தோட்டாவுக்குள்ளேயே குடியேறியது. 1866இல் ஒரே காலத்தில் இரண்டு வடிவங்கள் பிறந்தன. அமெரிக்க உள்நாட்டுப் போரில் குறிபார்த்துச் சுடும் படையை நடத்திய ஹைரம் பெர்டன் ஒன்றைச் செய்தார். வூல்விச் ஆயுதசாலையின் எட்வர்ட் பாக்ஸர் இன்னொன்றைச் செய்தார். அமெரிக்கரின் பெர்டன் ஐரோப்பாவில் நிலைத்தது, ஆங்கிலேயரின் பாக்ஸர் அமெரிக்காவில் நிலைத்தது என்பது இந்தத் துறையில் எல்லோரும் சொல்லிச் சிரிக்கும் விசித்திரம்.

நம் கேள்விக்கு இந்த வேறுபாடுதான் ஆதாரம். பிரைமர் வெடிக்க, மருந்துத் தகட்டை இரு பக்கமும் நசுக்க வேண்டும். வெளியிலிருந்து ஃபயரிங் பின் குத்தும். உள்ளிருந்து ஏதாவது தாங்க வேண்டும். அந்தத் தாங்கலை அடைகல் என்று சொல்லலாம். பெர்டன் முறையில் அடைகல் பித்தளைக் கூட்டில் பிரைமர் உட்காரும் குழியிலேயே முளைத்து நிற்கும் ஒரு மேடு. பாக்ஸர் முறையில் அது பிரைமருக்குள்ளேயே செருகிய, இரண்டு அல்லது மூன்று கால்களுள்ள ஒரு தனித் தகடு. கூட்டின் அடியில் நடுவே ஒரே துளை என்பதால், பழைய பிரைமரை ஒரு கம்பியால் தள்ளி வெளியே எடுத்துவிடலாம். அமெரிக்க வீட்டுக் கொட்டகைகளில் தோட்டா நிரப்பும் பழக்கம் வளர்ந்ததற்கு இந்த ஒற்றைத் துளை பெரிய காரணம். கூடவே ஒரு தலைவலியும் வந்தது: அடைகல் தனித் துண்டு என்பதால், அது குழியின் தரையில் உட்கார்ந்ததா, எவ்வளவு இறுகி உட்கார்ந்தது என்பது நிரப்புகிறவரின் கையில் போய்விட்டது.

புதிய பாக்ஸர் பிரைமரைக் கண்ணருகே வைத்துப் பாருங்கள். பிரைமரின் வெளிக் கிண்ணத்தின் விளிம்புக்கு மேல் அடைகல்லின் கால்கள் ஒரு மயிரிழை நீட்டிக்கொண்டிருக்கும். குழிக்குள் தள்ளும்போது முதலில் கிண்ணத்தின் பக்கச் சுவர் உரசுவது கைக்குத் தெரியும். பிறகு கால்கள் தரையில் முட்டும். எதிர்ப்பு சட்டென்று கூடும். அதற்கும் மேலே ஒரு சிறு அழுத்தம் கொடுத்தால் கால்கள் உள்ளே போய், அடைகல்லின் முனை மருந்துத் தகட்டின்மேல் பதிகிறது. அமெரிக்கர்கள் ‘கிரஷ்’ என்று சொல்லும் இந்த இறுக்கத்தில்தான் எல்லாக் கதையும் இருக்கிறது.

லேத் பட்டறையில் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கைத் தௌ என்பார்கள், மி.மீ.யில் 0.025. கிரஷ் இரண்டிலிருந்து நாலு தௌ வரை இருந்தால் போதும் என்பது இந்தத் துறையில் பொதுவாகச் சொல்லப்படும் அளவு. மூன்று தௌ என்பது தலைமயிரின் கனம். கால்கள் தரையைத் தொடாமல் பிரைமர் தொங்கிக்கொண்டிருந்தால், பின்னின் குத்தில் ஒரு பகுதி பிரைமரை முன்னால் தள்ளுவதிலேயே வீணாகும். மிச்சமுள்ள பலம் போதவில்லையென்றால் தோட்டா வெடிக்காது. அல்லது ஒரு கணம் தயங்கி வெடிக்கும். வேட்டைக்காரர்கள் ‘பிரைமர் செத்துப்போச்சு’ என்று தொழிற்சாலையைத் திட்டுகிற பல சமயங்களில் உண்மையான காரணம் அரைகுறையாக உட்கார்ந்த பிரைமர்தான். அதே பிரைமரை இரண்டாம் தடவை குத்தினால் வெடித்துவிடும், முதல் குத்து அதை உட்கார வைத்துவிட்டதல்லவா. மறுபக்கம், மிருகபலம் கொடுத்து அழுத்தினால் காய்ந்த மருந்துத் தகடு விரிசல் விடலாம். அதுவும் வெடிக்காமைக்கு ஒரு வழி.

இதுவரை சொன்னதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. தொழிற்சாலைகள் ஒவ்வொரு தொகுதியையும் எஃகு உருண்டையைப் பல உயரங்களிலிருந்து பின்மேல் விழவைத்துச் சோதிக்கின்றன. எந்த உயரத்தில் எல்லாம் வெடிக்கும், எந்த உயரத்தில் ஒன்றுகூட வெடிக்காது என்ற இரண்டு எல்லைகளும் அதில் தெரியும். ஆனால் அந்தச் சோதனை வெடிக்குமா வெடிக்காதா என்பதைத்தான் சொல்கிறது. ஆயிரம் கஜத்தில் குண்டு ஒரே உயரத்தில் விழுமா என்பதைப் பற்றி அது வாய் திறப்பதில்லை. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிப் பேசுவது இந்த விவாதத்தின் நாள்பட்ட நோய்.

சரி, ஒரே மாதிரி உட்கார வைப்பது என்றால் என்ன? இங்கே இரண்டு கட்சி. ஒரு கட்சி ஆழத்தை அளக்கிறது: கூட்டின் அடிமட்டத்திலிருந்து பிரைமர் எத்தனை தௌ உள்ளே இறங்கியிருக்கிறது என்று பார்த்து, எல்லாவற்றையும் ஒரே எண்ணுக்குக் கொண்டுவருவது. இன்னொரு கட்சி கையை நம்புகிறது: கால்கள் முட்டுவது தெரிந்ததும், அதற்குமேல் அதே அளவு இன்னொரு பிடி. முதல் கட்சிக்கு அளவுகோல் இருப்பதால் அதுதான் விஞ்ஞானம்போலத் தோன்றும். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்தால் நிலைமை வேறு.

அமெரிக்க உற்பத்தியாளர்களின் தர அமைப்பான சாமி, பெரிய ரைஃபிள் பிரைமருக்கான குழியின் ஆழம் 125இலிருந்து 132 தௌ வரை இருக்கலாம் என்கிறது. பிரைமரின் உயரத்துக்கு அதைவிடவும் தாராளமான இடைவெளி. உட்கார்ந்த பிரைமர் அடிமட்டத்துக்குச் சமமாகவோ 8 தௌ வரை உள்ளேயோ இருக்கலாம். இப்போது 128 தௌ உயரமுள்ள பிரைமரை எடுத்துக்கொள்வோம். கருவியை 4 தௌ ஆழத்துக்குப் பூட்டிவிடுகிறோம். குழி 128 தௌ என்றால், பிரைமருக்குக் கிடைக்கும் இடம் 124. கிரஷ் 4 தௌ. பிரமாதம். குழி 125 என்றால் இடம் 121, கிரஷ் 7. அழுத்தம் அதிகம். குழி 132 என்றால் இடம் 128, கிரஷ் பூஜ்யம். கால்கள் தரையைத் தொட்டதோடு சரி. மூன்று தோட்டாக்களையும் வரிசையாக நிறுத்தி அளவுகோலை வைத்தால் மூன்றும் 4 தௌ என்று அச்சு அசலாகக் காட்டும். உள்ளே மூன்றும் மூன்று நிலை.

கையை நம்புகிறவர் இதே மூன்று கூடுகளிலும் கால்கள் முட்டியபின் மூன்று தௌ அழுத்தினார் என்று வையுங்கள். அளந்தால் ஆழம் முறையே 3, 0, 7 என்று வரும். அளவுகோல்காரர் தலையில் அடித்துக்கொள்வார். கிரஷ் மட்டும் மூன்றிலும் ஒன்றே. ஆழம் ஒரே மாதிரி இருப்பதும் இறுக்கம் ஒரே மாதிரி இருப்பதும் வேறு வேறு சங்கதிகள். குழிகளின் ஆழம் சமமாக இருந்தால் மட்டுமே இரண்டும் ஒன்றாகும்.

நியாயமாகச் சொன்னால், ஒரே பெட்டியில் வந்த லபுவா போன்ற நிறுவனங்களின் நல்ல கூடுகளில் குழி ஆழம் இப்படி ஏழு தௌ ஆடாது. ஒன்று, இரண்டு தௌ ஆடலாம். பல கைமாறிய ராணுவக் கூடுகளில்தான் கலவரம். ஆனால் நாம் பேசும் கிரஷ்ஷே மூன்று நாலு தௌதான் என்றால், இரண்டு தௌ ஆட்டம் பாதிக்குப் பாதி. இதற்குத் தீர்வு, குழியின் தரையைச் சமமாகச் சீவும் ஒரு சிறு கார்பைடு வெட்டுக்கருவி. ஒரு தடவை சீவினால் அந்தக் கூட்டின் ஆயுளுக்கும் போதும். நூறு கூட்டைக் கையால் திருகிச் சீவுவது விரல் வலிக்கும் வேலை. பலர் அதை டிரில்லில் மாட்டிவிடுகிறார்கள். சீவாமல் விலை உயர்ந்த அழுத்துக் கருவியை வாங்குகிறவர்களைப் பார்த்தால், சாலையைச் செப்பனிடாமல் ஸ்பீடாமீட்டர் மாற்றுவதாகத்தான் எனக்குத் தோன்றுகிறது.

இன்னொரு சங்கதியைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. கருவிகள் கூட்டை எங்கே பிடிக்கின்றன? ஷெல் ஹோல்டர் என்ற கொக்கி, கூட்டின் அடிவிளிம்பை மேற்பக்கத்தில் பற்றிக்கொள்கிறது. பிரைமரை அடியிலிருந்து ஒரு தண்டு மேலே தள்ளுகிறது. ஆகவே ‘4 தௌ’ என்று கருவி நிற்கும் இடம் கூட்டின் அடிமட்டத்தைப் பொறுத்ததல்ல, விளிம்பின் மேற்பக்கத்தைப் பொறுத்தது. விளிம்பின் தடிமன் ஒரு தௌ மாறினால் ஆழமும் ஒரு தௌ மாறும். ஒன்றை இறுக்கிப் பிடித்தால் வேறொன்று நழுவுகிற இந்தச் சங்கிலியை, கருவி விற்பவர்களின் விளம்பரத்தில் தேடினால் கிடைக்காது.

கருவிகளைப் பற்றிக் கொஞ்சம். மருந்து நிரப்பும் பெரிய பிரஸ்ஸின் கைப்பிடியிலேயே பிரைமர் வைக்கும் வசதி உண்டு. வேகமாக வேலை முடியும். ஆனால் அந்த நெம்புகோலின் பலம் கூட்டையே நெளிக்கும் அளவுக்கு இருப்பதால், கால்கள் முட்டுவது கைக்கு எட்டாது. உள்ளங்கைக்குள் அடங்கும் கைக்கருவிகள் இதற்கு நேர் எதிர். நெம்புகோல் பலம் குறைவு, உணர்ச்சி கூடுதல். ஆர்.சி.பி.எஸ்., லீ போன்ற நிறுவனங்கள் மலிவாகச் செய்தன. கே அண்ட் எம், சின்க்ளேர், 21ஸ்ட் செஞ்சுரி போன்றவை துல்லியச் சுடுதலுக்கென்றே செய்கின்றன. கே அண்ட் எம்மின் ஒரு வகையில் டயல் கேஜே பொருத்தியிருக்கும்: குறிப்பிட்ட கூட்டின் குழியையும் குறிப்பிட்ட பிரைமரின் உயரத்தையும் அதிலேயே ஒப்பிட்டு, அந்த ஜோடிக்கான கிரஷ்ஷைப் படிக்கலாம். சரியான கேள்வியைக் கேட்கும் கருவி என்றால் அதுதான். ஆனால் ஒரு தோட்டாவுக்கு இவ்வளவு நேரமா என்று பலரும் அதைக் கீழே வைத்துவிட்டார்கள். அண்மைக் காலத்தில் மேசைமேல் பொருத்தும், படிப்படியாகத் திருகி ஆழம் மாற்றும் விலையுயர்ந்த கருவிகள் வந்திருக்கின்றன. பிரைமல் ரைட்ஸ் நிறுவனத்தின் சி.பி.எஸ். அவற்றில் பேர்போனது. அழகான இயந்திரம். சீவிய குழிகளோடு சேர்ந்தால் கிரஷ்ஷும் சீராகும். சீவாத குழிகளில், மேலே கணக்கில் கண்ட கதைதான்.

இனிப் பலன். 1995இல் வெளிவந்த பிரிசிஷன் ஷூட்டிங் ரீலோடிங் கைடு என்ற நூலில் டான் ஹேக்கெட் எழுதிய ஒரு பத்தியை இந்தத் துறையில் இன்றும் வேதவாக்குபோலக் காட்டுவார்கள். கால்கள் முட்டுவதையும் தாண்டி அழுத்தமாக உட்கார வைத்தபோதுதான் தனக்கு வேக விலகல் விநாடிக்கு 10 அடிக்குக் கீழே வந்தது, மெதுவாக உட்கார வைத்தபோது வரவில்லை என்பது அவர் சொன்னதன் சாரம். பத்து அடி என்றால் சுமார் 3 மீட்டர். எல்லாம் தெரிந்தவன்போல் நான் பேசவில்லை என்ற அடக்கத்தோடுதான் அவர் அதைச் சொன்னார். எடுத்துக்காட்டுகிறவர்கள் அந்த அடக்கத்தை மட்டும் விட்டுவிடுகிறார்கள்.

அவர் கண்டது தவறென்று நான் நினைக்கவில்லை. அரைகுறையாக உட்கார்ந்த பிரைமருக்கும் நன்றாக உட்கார்ந்த பிரைமருக்கும் வேறுபாடு உண்டு என்பதை இயந்திரவியலே சொல்கிறது. ஆனால் இன்றைய வாக்குவாதம் அதுவல்ல. இரண்டு தௌவா மூன்று தௌவா, நன்றாக உட்கார்ந்தவற்றுக்குள்ளேயே எது மேல் என்பதுதான். ஐந்து குண்டு இப்படி, ஐந்து குண்டு அப்படி என்று சுட்டு, கருவி காட்டும் வேக விலகலை ஒப்பிட்டுத் தீர்ப்புச் சொல்கிறார்கள். அங்கேதான் புள்ளியியல் காலை வாருகிறது.

ஐந்து குண்டு சுட்டு, திட்ட விலகல் 3 மீட்டர் என்று வந்தால், உண்மையான விலகல் 1.8இலிருந்து 8.6 வரை எங்கும் இருக்கலாம். 95 சதவீத நம்பிக்கைக்கு அவ்வளவு அகலம் வேண்டும். பத்துக் குண்டு என்றால் 2.1இலிருந்து 5.5 வரை. முப்பது குண்டு சுட்டாலும் 2.4இலிருந்து 4 வரை. எனவே ஒரு நாள் 2 வந்தது, மறுநாள் 4 வந்தது என்றால் பிரைமர் ஆழத்தை மாற்றாமலேயே வந்திருக்கலாம். உண்மையாகவே விலகலில் கால்பங்கு குறைந்தது என்று ஓரளவு உறுதியாகச் சொல்ல, ஒவ்வொரு முறைக்கும் நூறு குண்டு போல வேண்டும். லேப்ரேடார், கார்மின் என்று துல்லியமான வேகமானிகள் வந்தபின் எல்லோர் கையிலும் எண்கள் கொட்டிக்கிடக்கின்றன. எண் கூடியதால் உறுதி கூடிவிடவில்லை. ஐந்து குண்டுக்கு இரண்டு தசமம் சேர்த்து எழுதும் பழக்கம்தான் கூடியது.

இன்னும் ஒரு படி. விலகல்கள் நேராகக் கூடுவதில்லை, வர்க்கமாகத்தான் கூடுகின்றன. மருந்தின் எடை, கழுத்தின் பிடி, குழலின் சூடு எல்லாம் சேர்ந்து 2.5 மீட்டர் விலகல் தருகின்றன, பிரைமரை உட்கார வைப்பதில் உள்ள ஆட்டம் தனியாக 1 மீட்டர் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 3.5 அல்ல, 2.7க்குச் சற்றுக் கீழே. பிரைமர் ஆட்டத்தை அடியோடு ஒழித்துவிட்டாலும் மிச்சம் 2.5. அந்த வேறுபாட்டைச் சோதித்துக் காட்ட ஒவ்வொரு பக்கமும் 1,400 குண்டுக்கு மேல் வேண்டும். 6.5 கிரீட்மோர் வகைத் தோட்டா சுடும் குழலொன்று துல்லியம் குன்றாமல் உழைப்பது இரண்டாயிரம், மூவாயிரம் குண்டுதான். சோதனை முடியும்போது குழலும் முடிந்துவிடும். சோதனையின் பிற்பாதியில் வந்த விலகல் பிரைமரால் வந்ததா, தேய்ந்த குழலால் வந்ததா என்ற புதுக் கேள்வி பிறக்கும். யாரும் இதைச் செய்யாததில் வியப்பில்லை.

அதற்காகப் பிரைமரைக் கண்டுகொள்ளாமல் விடலாம் என்று நான் சொல்லவில்லை. ஒரு குண்டு வெகுவாகக் கீழே போய் விழுவதற்கும், சராசரி விலகலுக்கும் தொடர்பில்லாமல் போகலாம். இருபது குண்டு சுடும் போட்டியில் பத்தொன்பது ஒழுங்காகப் போய் ஒன்று மட்டும் எட்டு வட்டத்தில் விழுந்தால் பதக்கம் போனது போனதுதான். அழுக்கு நிறைந்த ஒரு குழி, ராணுவக் கூட்டின் நசுங்கிய விளிம்பைச் சரியாகச் சீவாததால் சாய்ந்து உட்கார்ந்த ஒரு பிரைமர், பல தடவை அதிக அழுத்தத்தில் சுட்டு அகன்றுபோன ஒரு குழி: இந்த மாதிரி ஒற்றைக் கோளாறுகளைப் பிடிப்பதில்தான் கைக்கருவிக்கு இருக்கும் உணர்ச்சியின் மதிப்பு. வழக்கத்தைவிட லகுவாக உள்ளே போகும் பிரைமரை உணர்ந்த கை, அந்தக் கூட்டைத் தனியே எடுத்துவைத்துவிடும். ஆழத்துக்குப் பூட்டிய கருவி அதையும் நாலு தௌ என்று கும்பிட்டு அனுப்பிவிடும்.

குழியைச் சுத்தம் செய்வதிலும் இரண்டு கட்சி உண்டு. சுட்ட பிரைமர் விட்டுப்போகும் கருப்புப் படிவு குழியின் தரையில் ஒட்டியிருக்கும். கால்கள் அதன்மேல் உட்கார்ந்தால் பொடிந்து இறங்கும் தரையில் உட்கார்ந்ததாகும். கிரஷ் எவ்வளவென்று சொல்ல முடியாது. ஒவ்வொரு தடவையும் சுரண்டுகிறவர்களும் உண்டு. சுரண்டாமலேயே பரிசு வாங்கியவர்களும் உண்டு. ஒரு சுற்றுத் திருகுவதற்கு எவ்வளவு நேரம் ஆகும், சுரண்டிவிட்டுப் போகலாமே என்பது என் கட்சி.

பிரைமரை மட்டும் குறைசொல்லிப் பயனில்லாத இடமும் உண்டு. அடியில் இறுக்கம் எவ்வளவு சீராக இருந்தாலும், குத்துகிற பின்னின் வேகம் சீராக இல்லாவிட்டால் பலனில்லை. தளர்ந்த ஸ்பிரிங், போல்ட்டுக்குள் உறைந்த எண்ணெய், டிரிகர் பாகத்தில் உரசிக்கொண்டே முன்னேறும் பின் ஆகியவை ஒவ்வொன்றும் குத்தின் பலத்தைக் குறைக்கும். பலமான குத்தில், கிரஷ் கொஞ்சம் முன்பின் இருந்தாலும் பிரைமர் மன்னித்துவிடும். ஓய்ந்த குத்தில்தான் ஒவ்வொரு தௌவும் கணக்குக் கேட்கும். எனவே இரண்டு பேர் ஒரே சோதனையைச் செய்து எதிரெதிர் முடிவுக்கு வருவதில் இருவரும் உண்மை சொல்பவர்களாகவே இருக்கலாம்.

பாதுகாப்பைப் பற்றி ஒரு பத்தி சொல்லியே ஆக வேண்டும். அரைத் தானியங்கித் துப்பாக்கிகளில், எம்1 கேரண்ட், ஏ.ஆர்.-15 போன்றவற்றில், பின்னைப் பிடித்துவைக்க ஸ்பிரிங் கிடையாது. போல்ட் வேகமாக மூடும்போது பின் தானாகவே முன்னே வந்து பிரைமரை லேசாகத் தட்டும். அடிமட்டத்துக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் பிரைமர் அங்கே விபத்துக்கு அழைப்பு. போல்ட் முழுதாகப் பூட்டுமுன்னே வெடித்தால் துப்பாக்கியே சிதறும். அதனால்தான் நிரப்பி முடித்த ஒவ்வொரு தோட்டாவின் அடியிலும் விரல் நுனியை ஓட்டிப் பார்ப்பது வழக்கம். விரல் ஒரு சின்னப் பள்ளத்தை உணர வேண்டும். மேட்டை உணர்ந்தால் அந்தத் தோட்டா தனியே போகும். மருந்து நிரப்பிய தோட்டாவில் மேடாக நிற்கும் பிரைமரை மறுபடி அழுத்துவது கூடாது. பிரித்தெடுத்துவிட்டுத்தான் வேறு வேலை. பிரைமர் அடுக்கிய குழாயில் ஒன்று வெடித்தால் மற்றவையும் தொடர்ந்து வெடிக்கும். கண்ணாடி அணியாமல் இந்த வேலையில் உட்காருகிறவருக்கு எந்தக் கருவியும் உதவாது.

இந்த விவாதம் அமெரிக்காவிலேயே அதிகம் நடப்பதற்குச் சட்டமும் காரணம். அங்கே சொந்த உபயோகத்துக்குத் தோட்டா நிரப்ப மத்திய அரசின் உரிமம் தேவையில்லை. பிரிட்டனில் 2006ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப்பின் பிரைமர் வாங்கவே துப்பாக்கிச் சான்றிதழ் காட்ட வேண்டும். இந்தியாவில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி தோட்டா உற்பத்திக்கு உரிமம் வேண்டும். வீட்டு மேசையில் செய்யும் பொழுதுபோக்காக அது இங்கே வளரவில்லை.

2020க்குப் பிறகு அமெரிக்காவில் பிரைமருக்கே பெரும் தட்டுப்பாடு வந்தது. கிடைத்ததை வாங்கிக்கொண்டவர்கள் பலர். அப்போது தெரிந்தது ஒரு நடைமுறை உண்மை: ஒரு நிறுவனத்தின் பிரைமருக்கும் இன்னொன்றுக்கும் உயரம் வேறு, கிண்ணத்தின் உலோகத் தடிமன் வேறு. சிறிய ரைஃபிள் பிரைமர்களில் மட்டும் சி.சி.ஐ. 400இன் கிண்ணம் 20 தௌ, அதே நிறுவனத்தின் 450உம் பி.ஆர்.4உம் 25 தௌ. தடித்த கிண்ணத்துக்குப் பலமான குத்து வேண்டும். அளவுகோல் காட்டும் ஆழம் அதே என்றாலும் நடத்தை மாறும். பழைய பெட்டிக்குப் பூட்டிய கருவியைத் தொடாமல் புதுப் பெட்டியைத் திறந்தவர்கள், சீராக இருந்த தோட்டா ஏன் திடீரென்று ஆடுகிறது என்று மருந்தையும் குண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். புதுத் தொகுதியிலிருந்து பத்துப் பிரைமரை எடுத்து மைக்ரோமீட்டரில் வைத்து, கால்களோடு உயரத்தை அளந்து, குழி ஆழத்தோடு கழித்துப் பார்க்கப் பத்து நிமிடம் ஆகும்.